அப்பாவின் கால்வலி

அத்தியாயம் 17

பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே சம்மட்டி முடிவு கட்டிவிட்டான். தம்பிக்குப் போகப்போவது தன்னுடைய சிறுநீரகம்தான். டாக்டர் தலையாட்ட வேண்டியது மட்டும்தான் பாக்கி.

போன வாரம் ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்ததிலிருந்து பட்டறையில் இதே பேச்சுதான். லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை அவனுடையது. வளைந்த சட்டத்தை மற்றவர்கள் சூடு காட்டி நிமிர்த்துவார்கள். அவன் சம்மட்டியைத் தூக்கி நாலு போடு போட்டால் சட்டம் தானாக வழிக்கு வரும். பெயர் அப்படி ஒட்டியதுதான். நாற்பத்தொரு வயதில் ஒரு தலைவலி மாத்திரைகூடப் போட்டதில்லை என்று மார்தட்டுவான். அப்பேர்ப்பட்ட உடம்பிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?

தம்பி சின்னவனுக்கு முப்பத்திரண்டு வயது. கணக்கு வாத்தியார். நான்கு மாதமாக வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அப்பாவும் நாற்பத்தாறு வயதில் இதே மாதிரி போனவர் என்று கேட்டதும் கிட்னி டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். மரபணுப் பரிசோதனை முடியாமல் தானத்தைப் பற்றிப் பேச மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அண்ணன், தம்பி, தங்கச்சி மூன்று பேரும் கையை நீட்டினார்கள். தங்கச்சிக்கு அதே ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில்தான் வேலை. சிறுநீரகத்திலிருந்து எடுத்த சதைத்துணுக்கை மெழுகில் பதித்து, சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டித் தருவாள்.

டாக்டர் என்ன தேடுகிறார் என்று சம்மட்டிக்கு விளங்கவில்லை. அப்பாவைக் கொன்றது யார் என்று அவனுக்குத்தான் தெரியுமே. மருந்துக்கடைச் சித்தப்பா. அப்பாவின் கால் கட்டைவிரல் வீங்கும்போதெல்லாம் வலி மாத்திரையைக் கை நிறைய அள்ளிக் கொடுத்தவர் அவர்தான். அப்பா போன மூன்றாம் நாள் சம்மட்டி ஒரு இரும்புக் குழாயோடு சித்தப்பா வீட்டுக்குப் போனான். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. கேட்டவர்களிடம் படியில் விழுந்தேன் என்று சித்தப்பா சொல்லிக்கொண்டார். பதினாறு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அப்படித்தான் சம்மட்டி நினைத்துக்கொண்டிருந்தான், அந்தத் திங்கட்கிழமை காலை பத்து மணி வரை.

* * *

டயாலிசிஸ் கூடத்தில் எட்டுக் கட்டில், எட்டு இயந்திரம். ஜன்னலோரக் கட்டில் சின்னவனுடையது. ஊசிகளை உருவி, பஞ்சு வைத்து ஒட்டி, கொஞ்ச நேரம் கையை அசைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தாள். சின்னவனின் முகம் பிழிந்துபோட்ட துணி மாதிரி கிடந்தது.

தம்பிக்குச் சட்டை எடுத்துக் கொடுக்கலாம் என்று சம்மட்டி பையைத் திறந்தான். சட்டைக்கு அடியில் ஒரு பழுப்புக் காகிதக் கவர். உள்ளே மாத்திரைகள். கவரின் மேல் நீல மையில் ஒரு வட்ட முத்திரை.

அதை அவன் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்லுவான். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் அந்தக் கடையில் உட்கார்ந்து கவர்களில் அந்த முத்திரையைக் குத்திக் கொடுத்தவனே அவன்தான்.

எங்கே வாங்கினாய் என்று கேட்டான். சின்னவன் கண்ணை மூடிக்கொண்டான். எத்தனை நாளாக என்று கேட்டான்.

"ரெண்டு வருஷமா அங்கதான் வாங்குறேன்," என்றான் சின்னவன். "நீ நினைக்கிற மாதிரி ஆள் இல்லண்ணா அவரு."

அதன்பிறகு சம்மட்டியின் காதில் எதுவும் ஏறவில்லை. இவனை எழுப்ப வேண்டும், இழுத்துக்கொண்டு போய் அந்த ஆளுக்கு முன்னால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் தெரிந்தது. கைக்குக் கிடைத்ததைப் பிடித்து இழுத்தான். கிடைத்தது இடது கை. டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்த கை. ஒரே இழுப்பில் ஒட்டியிருந்த பஞ்சு பிய்ந்துகொண்டு வந்தது.

ரத்தம் கசிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பீய்ச்சி அடித்தது. திரையில், சுவரில், பக்கத்துக் கட்டில்காரரின் போர்வையில், சம்மட்டியின் கழுத்திலும் சட்டையிலும். சின்னவன் சத்தம் போடாமல் தலையணையில் சாய்ந்தான். நர்ஸ் பாய்ந்து வந்து இரண்டு கட்டைவிரலாலும் காயத்தை அழுத்திக்கொண்டு, முழங்கையால் சம்மட்டியின் நெஞ்சில் இடித்துத் தள்ளினாள். கொல்லப் பார்க்கிறீர்களா என்று கேட்டாள். அவள் கேட்டது கேலிக்கல்ல.

வெளுத்துப்போன உதட்டோடு சின்னவன் அண்ணனைப் பார்த்தான். சம்மட்டிக்குத் தெரிந்த பார்வைதான் அது. சின்ன வயதில் அவர்கள் மூன்று பேரும் அப்பாவை அப்படித்தான் பார்ப்பார்கள்.

வேறு ஒருவனாக இருந்தால் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதிருப்பான். சம்மட்டிக்கு அந்தப் பழக்கம் இல்லை. உள்ளே எது கொதித்தாலும் அவனுக்குக் கையில்தான் வந்து இறங்கும். விறுவிறுவென்று படியிறங்கி, வேனின் சீட்டுக்கு அடியிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

* * *

மூன்று தெரு தள்ளி இருந்தது கடை. கண்ணாடிக் கதவு, இரண்டு பக்கமும் கூரை வரை அலமாரி, நடுவில் நீளக் கவுன்டர். சித்தப்பா ஒரு சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது, ஒல்லியான உடம்பு. கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். வலது மணிக்கட்டு திரும்பாததால் எழுதுவது, எடுப்பது எல்லாம் இடது கையால். சம்மட்டியின் சட்டையில் இருந்த ரத்தத்தைத்தான் அவர் முதலில் பார்த்தார்.

"யாருக்கு என்னாச்சு? சின்னவனுக்கா?"

சம்மட்டி ஸ்பேனரைச் சுழற்றினான். கவுன்டரின் கண்ணாடி நொறுங்கி உள்ளே விழுந்தது. மருந்து வாங்க வந்திருந்த இரண்டு பேரும் கதவைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். அடுத்த அடி இடதுபக்க அலமாரிக்கு. வரிசையாக நின்ற டானிக் பாட்டில்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தரையில் வந்து சிதறின. சிவப்பும் பழுப்புமாகப் பிசுபிசுவென்று கடை முழுக்க ஓடியது. எடை பார்க்கும் இயந்திரத்தைக் காலால் உதைத்துச் சாய்த்தான். அலமாரிச் சட்டத்தைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கியதும் மேல்தட்டிலிருந்து பெட்டி பெட்டியாகக் கொட்டியது.

சித்தப்பா ஓடவில்லை. சுவரோடு ஒட்டி நின்றார். அது அவனுக்கு இன்னும் வெறியைக் கிளப்பியது. தோளில் ஒன்று போட்டான். அவர் கவுன்டரில் மோதி, கண்ணாடித் துண்டுகள் மேல் முழங்கால் போட்டு விழுந்தார்.

"எங்கப்பாவை மாத்திரை குடுத்தே கொன்ன," என்றான் சம்மட்டி. "இப்ப என் தம்பியா?"

சித்தப்பாவுக்கு மூச்சு வாங்கியது.

"ஆமா. குடுத்தேன். குடுக்கக் கூடாதுன்னு தெரிஞ்சேதான் குடுத்தேன்." நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "கால்ல வலி வந்தா உங்கப்பா உங்க மூணு பேரையும் போட்டு அடிப்பாரு. மாத்திரை உள்ள போனா ரெண்டு மணி நேரம் தூங்குவாரு. எனக்கு வேற வழி தெரியலடா."

சம்மட்டி கேட்க விரும்பாத பேச்சு அது. கட்டைவிரல் தக்காளி மாதிரி வீங்கி, போர்வை உரசினால்கூட அப்பா அலறுவார். அலறி முடித்ததும் பெல்ட்டைத் தேடுவார். யார் எதிரில் வந்தாலும் அடி. யாரும் வராவிட்டால் அதற்காகவும் அடி. தங்கச்சிக்கு ஒரு காது சரியாகக் கேட்காமல் போனது அப்படி ஒரு நாளில்தான். சம்மட்டியின் முதுகில் இன்னும் தழும்பு இருக்கிறது. சித்தப்பா வந்து போனபிறகு வீடு அமைதியாகிவிடும். மூன்று பேரும் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வருவார்கள்.

அந்த அமைதிக்கு இந்த மனிதர்தான் காரணம் என்று ஒப்புக்கொண்டால், பதினாறு வருடக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவன் மறுபடி ஸ்பேனரை ஓங்கினான்.

அந்த நேரத்தில்தான் தங்கச்சி வந்து நின்றாள். நர்ஸ் போன் செய்ததும் ஆய்வுக்கூடத்திலிருந்து அப்படியே வெள்ளைக் கோட்டோடு ஓடிவந்திருந்தாள். கையில் ஒரு உறை. உள்ளே புகுந்து சித்தப்பாவை மறைத்துக்கொண்டு நின்றாள். சம்மட்டி அவளைப் பிடித்துத் தள்ளினான். இரண்டு உள்ளங்கையும் கண்ணாடியில் ஊன்ற விழுந்தாள். ஓங்கிய கை அதற்கும் நிற்கவில்லை. ஸ்பேனர் சித்தப்பாவின் நெற்றியோரத்தில் இறங்கியது. பச்சைக் கட்டையில் கோடரி விழுந்த மாதிரி ஒரு சத்தம். அவர் மடங்கிச் சரிந்தார்.

தங்கச்சி எழுந்திருக்கவில்லை. தவழ்ந்தே போய், துப்பட்டாவைச் சுருட்டி அவர் தலையில் வைத்து அழுத்தினாள். அவள் கையிலிருந்து ஓடியது எது, அவர் தலையிலிருந்து ஓடியது எது என்று தெரியவில்லை. அவள் கத்தவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

"ரிப்போர்ட் வந்திருச்சு. அப்பாகிட்ட இருந்துதான் வந்திருக்கு. சின்னவனுக்கு இருக்கு. எனக்கு இருக்கு. உனக்கும் இருக்கு."

பொய் என்றான் சம்மட்டி.

"சித்தப்பாவுக்கு மட்டும்தான் இல்ல," என்றாள். "வந்து தூக்கு."

ஸ்பேனர் எப்போது கையிலிருந்து விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது. குனிந்து சித்தப்பாவைத் தூக்கினான். கனமே இல்லை. தெருவில் கூடியிருந்த கூட்டம் விலகி வழிவிட்டது. யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

* * *

கிட்னி டாக்டர் அவனை உட்காரச் சொல்லவில்லை. அவனும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் நாற்காலியில் ரத்தம் ஒட்டும்.

முதலில் சின்னவனைப் பற்றிச் சொன்னார். ரத்தப்போக்கு நின்றுவிட்டது, ஆனால் அந்தக் கை இனி டயாலிசிஸுக்கு உதவுமா என்று இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். பிறகு அந்தப் பழுப்புக் கவரை மேஜைமேல் எடுத்து வைத்தார். அதில் இருந்தவை வலி மாத்திரைகள் இல்லை. அவரே எழுதிக் கொடுத்தவை. டயாலிசிஸில் இருப்பவர்கள் எல்லாரும் சாப்பாட்டோடு போட்டுக்கொள்கிற மாத்திரை.

சம்மட்டி கவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவுக்கும் அந்த ஆள் நல்ல மாத்திரைதான் கொடுத்தாரா என்று கேட்டான். குரலில் இன்னும் ஒரு பிடிவாதம் இருந்தது.

இல்லை என்றார் டாக்டர். அது கெட்டதுதான். சாவை நாலைந்து வருடம் முன்னால் கொண்டுவந்திருக்கும். ஆனால் மாத்திரை இல்லாமலிருந்தாலும் அப்பாவின் சிறுநீரகம் செத்திருக்கும். பேசிக்கொண்டே ஒரு தாளில் வரைந்து காட்டினார். சிறுநீரகத்துக்குள் எல்லாமே ஒரே மாதிரிச் செல்கள் இல்லை. ரத்தத்தை வடிகட்டுகிற செல்கள் வேறு. வடிந்தது ஓடுகிற நுண்குழாய்களுக்குச் சுவராக நிற்கிற செல்கள் வேறு. அதிலும் குழாயின் ஒரு வளைவில் மட்டும் இருக்கிற ஒரு வகைச் செல் ஒரு புரதத்தைச் செய்து சிறுநீரில் விடும். அந்தப் புரதத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிற மரபணுவில், இவர்கள் குடும்பத்துக்கு ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அதனால் புரதம் சரியாக மடிவதில்லை. வெளியே போக முடியாமல் செல்லுக்குள்ளேயே தேங்குகிறது. தேங்கித் தேங்கிச் செல் சாகிறது. வடிகட்டி கடைசி வரை நன்றாகவே இருக்கும். அதனால்தான் சிறுநீரைச் சோதித்தவர்கள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் மட்டும் ரத்தத்திலேயே தங்கி, கால் விரலில் போய் உட்காரும்.

"உங்கப்பாவோட கால்வலியும் கிட்னி நோயும் வேற வேற இல்ல," என்றார். "ரெண்டும் ஒண்ணுதான்."

அப்படியானால் தன் கையில், காலில், மற்ற இடங்களில் அந்த எழுத்து இல்லையா என்று சம்மட்டி கேட்டான். உடம்பில் ஒரு செல் விடாமல் எல்லாவற்றிலும் இருக்கிறது, ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்து படிப்பது அந்த ஒரு வகைச் செல் மட்டும்தான் என்றார் டாக்டர்.

சம்மட்டி தன் கைகளைப் பார்த்தான். பட்டறையில் எது கெட்டாலும் எங்கே கெட்டது என்று தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவான். இதை எங்கே போய்த் தட்டுவது? எவனைப் பிடித்து உலுக்குவது?

"உங்க ரத்தத்துல யூரிக் அமிலம் இப்பவே கூடுதலா இருக்கு," என்றார் டாக்டர். "கிட்னி வேலை செய்யறது பாதிக்குக் கொஞ்சம் மேல. நீங்க யாருக்கும் குடுக்க முடியாது. ஒரு நாள் உங்களுக்கே தேவைப்படும்."

தனக்குப் பதினொரு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்றான்.

பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார் டாக்டர். அதை மட்டும் அவர் கொஞ்சம் இறங்கிய குரலில் சொன்னார். முன்கூட்டியே தெரிந்தால் பல வருடம் தள்ளிப்போடலாம் என்றும் சொன்னார். சம்மட்டிக்கு முதலில் சொன்னது மட்டும்தான் காதில் நின்றது.

* * *

அவசரப் பிரிவின் வாசலில் தங்கச்சி இரண்டு கையிலும் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வலது உள்ளங்கையில் ஒன்பது தையல். மெழுகுச் சீவல்களை நுனிவிரலால் எடுக்கிற கை அது. சம்மட்டி பக்கத்தில் உட்காரப் போனான். அவள் பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்துகொண்டாள். கோபத்தில் நகர்ந்த மாதிரி இல்லை. உடம்பு தானாக நகர்ந்தது.

அவள்தான் மீதியைச் சொன்னாள். சித்தப்பா பத்து நாள் முன்பே வந்து ரத்தம் கொடுத்திருந்தார். இன்று காலை எட்டு மணிக்குத் தன் முடிவைக் கேட்டுக்கொண்டு, சின்னவனுக்குச் சிறுநீரகம் தரச் சம்மதம் என்று இடது கையால் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் கடையைத் திறக்கப் போயிருக்கிறார்.

"ஏன் எங்கிட்ட யாரும் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ என்ன செஞ்சிருப்ப?" என்று கேட்டாள் தங்கச்சி.

ஸ்கேனில் மண்டைக்குள் ரத்தம் கட்டியிருப்பது தெரிந்தது. உடனே ஆபரேஷன். அது நல்லபடியாக முடிந்தாலும் அவரால் இனி தானம் தர முடியுமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

பட்டறை ஆட்கள் சொல்லி சம்மட்டியின் மனைவி வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பின்னாலேயே இன்ஸ்பெக்டர் இரண்டு போலீஸ்காரர்களோடு வந்தார். மனைவி கெட்டிக்காரி. புருஷனின் சட்டையை ஒரு பார்வை பார்த்தாள், பேச ஆரம்பித்துவிட்டாள். அலமாரி சரிந்து சித்தப்பா மேல் விழுந்ததாகவும், இவர்தான் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்ததாகவும், சட்டையில் இருப்பது அந்த ரத்தம்தான் என்றும் மூச்சுவிடாமல் சொன்னாள். தெருவில் விசாரித்தபோது யாரும் வாயைத் திறக்கவில்லை போலிருக்கிறது. இன்ஸ்பெக்டர் அவள் சொன்னதைக் குறித்துக்கொண்டார். பிறகு தங்கச்சியின் பக்கம் திரும்பி, கடைக்குள் இருந்தது நீங்கள்தானே என்று கேட்டார்.

அண்ணி அவளையே பார்த்தாள். சம்மட்டி தரையைப் பார்த்தான். இந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் வைத்து ஓட்டிக்கொண்டு போனவன் அவன். இவள் படிப்புக்காக இரண்டு ஷிப்ட் வெல்டிங் பிடித்தவன். இவள் தன்னைக் கைவிட மாட்டாள் என்று அந்த நிமிடத்திலும் அவன் நம்பினான்.

"எங்க அண்ணன்தான் அடிச்சாரு," என்றாள் தங்கச்சி. "வீல் ஸ்பேனரால. நான் குறுக்க போயும் நிக்காம தலையில அடிச்சாரு. நான் பார்த்தேன்." கொஞ்சம் நிறுத்தி, கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "சின்னவன் கையைப் பிடிச்சு இழுத்ததும் இவருதான். அதையும் எழுதிக்குங்க."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். சம்மட்டிக்குக் கோபம் வரும் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஒரு போலீஸ்காரர் முன்னெச்சரிக்கையாக அவன் தோளைப் பிடித்தார். அவன் அப்படியே நின்றான். வரச் சொன்னார்கள், நடந்தான்.

நடைவழியின் பாதியில் நர்ஸ் பின்னாலிருந்து கூப்பிட்டாள். நோயாளிக்கு நினைவு வந்திருக்கிறது. ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோவதற்கு முன்னால் பெரியவனைப் பார்க்க வேண்டும் என்கிறார். வேறு யாரும் வேண்டாமாம்.

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஒரு நிமிடம் என்றார்.

தள்ளுகட்டிலில் சித்தப்பாவின் தலை முழுக்கக் கட்டு. ஒரு கண் வீங்கி மூடிக்கிடந்தது. சம்மட்டிக்கு எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தான். அந்த வார்த்தையை அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வாய் எப்படி ஆரம்பிப்பது என்று தடுமாறியது. சித்தப்பா இடது கையைத் தூக்கி, பேசாதே என்பது போல் அசைத்தார். குனியச் சொன்னார். குனிந்தான்.

வழக்கைப் பற்றியோ சிறுநீரகத்தைப் பற்றியோ ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தான்.

"உம் பொண்ணை அடிப்பியாடா?" என்று கேட்டார் சித்தப்பா.

சம்மட்டி நிமிர்ந்து நடைவழிப் பக்கம் திரும்பினான். நடைவழியில் நின்றிருந்த அவன் மனைவிக்கும் அது கேட்டிருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மூடாமலிருந்த ஒற்றைக் கண்ணால் சித்தப்பா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்குள் தியேட்டர் ஆட்கள் வந்து கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.